லினக்ஸில் மறுஅனுப்புதல் காலவரம்பு

தரவுத்தளச் சேவையகத்தின் மின்சாரம் திடீரென நின்றுபோனால், அத்துடன் இணைந்திருக்கும் செயலி அதை உணர ஏறத்தாழ கால் மணி நேரம் ஆகலாம் என்றால் பலர் நம்புவதில்லை. ஆனால் லினக்ஸின் இயல்பு அமைப்பு அப்படித்தான் இருக்கிறது.

டிசிபி இணைப்பில் அனுப்பிய ஒரு தரவுப் பொட்டலத்துக்கு, அது கிடைத்தது என்ற ஒப்புதல் வராதபோது, மறுபடி அனுப்பும் முன் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை, 1988இல் வலையமைப்பு ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் முன்வைத்த முறைப்படி, பொட்டலம் போய் ஒப்புதல் திரும்பும் சுற்றுப்பயண நேரத்தின் சராசரியோடு அதன் ஏற்ற இறக்கத்தின் நான்கு மடங்கைக் கூட்டி, லினக்ஸின் மையநிரலான கெர்னல் கணக்கிடுகிறது. அந்த இரண்டாம் பகுதி 200 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காது. அதனால்தான் ஒரே அறைக்குள் இருக்கும் இரு கணினிகளுக்கிடையிலும் இணைப்புகளின் நிலையைக் காட்டும் 'எஸ்எஸ் -டிஐ' கட்டளை இந்தக் காத்திருப்பைப் பெரும்பாலும் 204 மில்லிவிநாடி என்றே காட்டுகிறது. ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பு இரட்டிப்பாகி 120 விநாடியில் நிற்கும். மறுமுயற்சி எண்ணிக்கையின் இயல்பு மதிப்பு 15 என்பதால், 200 மில்லிவிநாடியில் தொடங்கிக் கூட்டிப் பார்த்தால் 924.6 விநாடி வருகிறது.

மறுமுயற்சி எண்ணிக்கையை 8 ஆக்கினால் இந்த மொத்த நேரம் சுமார் 102 விநாடியாகவும், 5 ஆக்கினால் 12.6 விநாடியாகவும் குறையும். 5 என்பதில் எனக்கு உடன்பாடில்லை. இணைய நெறிமுறைகளை வரையறுக்கும் ஆவணங்களில் ஒன்றான ஆர்எஃப்சி 1122 குறைந்தது 100 விநாடி கேட்கிறது, தவிர இந்த மாற்றம் அந்தக் கணினியின் எல்லா இணைப்புகளையும் பாதிக்கும். குறிப்பிட்ட செயலிக்கு மட்டும் அவசரம் என்றால், அதன் சாக்கெட்டில் (செயலியின் இணைப்பு முனையில்) 'டிசிபி யூசர் டைம்அவுட்' வசதியை மில்லிவிநாடிக் கணக்கில் அமைப்பதே முறை. தரவு மையத்துக்குள் 200 மில்லிவிநாடி வரம்பையும் குறைக்க விரும்புவோர், 'ஐபி ரூட்' கட்டளையில் உரிய பாதைக்கு மட்டும் 'ஆர்டிஓ மின்' மதிப்பைக் கொடுக்கலாம். ஆனால் எதிர்முனை தாமதித்து அனுப்பும் ஒப்புதலுக்கு 40 மில்லிவிநாடி வரை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பதால், அதற்குக் கீழே போனால் தொலையாத பொட்டலங்களும் வீணாக மறுபடி அனுப்பப்படும்.