குசினி லைற்

ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் அம்மா ஏசுவா. மட்டக்களப்பில் வளர்ந்த அந்தப் பழக்கத்தோடுதான் ஜெருசலேமுக்கு வந்தேன், ஹர் நோஃபில் தனியாக இருந்த ஒரு முதியவவைப் பராமரிக்கும் வேலைக்கு. அவவைச் சவ்தா என்று கூப்பிடுவேன். ஹீப்ருவில் அம்மம்மா.

முதல் வெள்ளிக்கிழமை, பொழுதுபட 40 நிமிடம் இருக்கும்போது ஊர் முழுக்கச் சைரன் ஊதியது. பயந்துபோனேன். வெள்ளி பொழுதுபட்டதிலிருந்து சனி இரவு வரை யூதரின் ஓய்வுநாள், ஷபாத். அதற்கு விளக்கு ஏற்றும் நேரம் என்று சொல்லும் சைரனாம் அது. அதற்கு முன்பே சவ்தாவின் மகன் வந்து குளிர்சாதனப் பெட்டிக்குள் இருக்கும் பல்பைக் கழற்றி, சாப்பாட்டைப் பிளாட்டா என்ற சூட்டுத் தட்டில் வைத்து, குசினி லைற்றை எரிய விட்டுப் போயிருந்தார்.

சாப்பிட்டு முடிந்ததும், வீணாக எரிகிறதே என்று அந்த லைற்றை அணைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சவ்தா புத்தகத்தோடு வந்து இருட்டு வாசலில் நின்றா. ஒரு வார்த்தை சொல்லவில்லை. பதறிப்போய்த் திரும்பப் போட்டேன். அவ என் தோளைத் தடவிவிட்டு, வாசிக்காமலே படுக்கப் போயிட்டா. எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

சனி இரவு, வானத்தில் மூன்று வெள்ளி தெரிந்து ஷபாத் முடிந்த பிறகு மகன் விளங்கப்படுத்தினார். ஷபாத்தில் யூதர் விளக்கு ஏற்றுவதுமில்லை, அணைப்பதுமில்லை. யூதரல்லாத ஒருவர் தன் தேவைக்கு ஏற்றிய விளக்கின் வெளிச்சத்தில் யூதர் இருக்கலாம். யூதருக்காகவே ஏற்றினால் கூடாது. எண்ணெய் விளக்குக் காலத்து யூத சட்டநூலான மிஷ்னாவிலேயே இது இருக்கிறது. இழை பழுத்து எரிகிற பல்பையும் நெருப்பாகவே கொண்டார்கள். நெருப்பில்லாத மின்கருவிகளில்தான் அறிஞர்களுக்குள் வாதம். மின்சுற்றை இணைப்பது "கட்டுதல்", ஷபாத்தில் விலக்கப்பட்ட 39 வேலைகளில் ஒன்று என்றார் ஹஸோன் இஷ் (1878–1953) என்ற ரபி, அதாவது யூத மத அறிஞர். ஜெருசலேமின் ரபி ஷ்லோமோ சல்மான் அவர்பாக் அதை ஏற்கவில்லை. ஆனாலும், தொடாமல் இருக்கும் வழக்கத்தை விடச் சொல்லவுமில்லை.

பிறகொரு வெள்ளி இரவு எனக்குச் சட்டிகள் கழுவ வேண்டியிருந்தது. கழுவுதொட்டிக்கு மேலிருந்த சின்ன லைற்றைப் போட்டேன். சவ்தா எட்டிப் பார்த்தா, கதிரையை இழுத்துப் போட்டு வாசிக்கத் தொடங்கினா. நான் சட்டிகளை மெதுவாகத்தான் கழுவினேன்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே முட்டு வருத்தம். மாரியில் ஒரு சனிக்கிழமை விடிய மூச்சு இழுத்தது, பம்பும் கேட்கவில்லை. ஃபோனை நானே எடுப்பம், சவ்தா தொட மாட்டாவே என்று சுவரைப் பிடித்துக்கொண்டு ஹோலுக்கு வந்தேன். உயிருக்கு ஆபத்து என்றால் ஷபாத் விலகி நிற்கும், பிக்குவாஹ் நெஃபேஷ் என்று மகன் சொல்லியிருந்ததுதான். அது அவவின் உயிருக்கு என்று நான் நினைத்திருந்தேன்.

எனக்கு முதல் சவ்தா ஃபோனிடம் போயிட்டா. அம்புலன்ஸுக்கு 101ஐ அவவே அழுத்தினா. வீட்டு விலாசத்தைச் சத்தமாகச் சொன்னா. பிறகு ஹோல் லைற், வாசல் லைற், படிக்கட்டு லைற் எல்லாவற்றையும் போட்டுக் கதவைத் திறந்து வைத்தா, வருகிறவர்களுக்கு வழி தெரியட்டும் என்று.