டெயில் பினியனும் ஸ்பிரிங் தராசும்

சென்ற மாதம் ஒரு லாரியின் பின் அச்சைக் கழற்றி, கிரௌன் வீல் (அச்சைச் சுழற்றும் பெரிய பல்சக்கரம்), டெயில் பினியன் (அதை ஓட்டும் சிறிய பல்சக்கரம்), பேரிங்குகள் அனைத்தையும் புதிதாகப் போட்டுக் கட்டினேன். வேலை நேரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது பினியன் பேரிங்கின் பிரீலோடுதான். எதிரெதிராக அமர்ந்திருக்கும் இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகளை (கூம்பு வடிவ உருளைகள் கொண்டவை) சற்றே நெருக்கி வைத்து, பாரம் ஏறும்போது பினியன் முன்னும் பின்னும் அசையாமல் காக்கும் இறுக்கம் அது. குறைந்தால் பல்பிடிப்பு விலகி ஊளைச் சத்தம் கிளம்பும். கூடினால் பேரிங் சூடேறி நீலம் பாய்ந்துவிடும்.

பினியன் முனையிலுள்ள நட்டை முறுக்கும் விசையும் பிரீலோடும் ஒன்றே என்று எண்ணுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த அச்சில் இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவே கெட்டியான ஸ்பேசர், அதாவது இடைவளையம், உண்டு. நட்டை மேனுவல் சொல்லும் முழு அளவுக்கு முறுக்கியே தீர வேண்டும். பிரீலோடைத் தீர்மானிப்பது ஸ்பேசரின் கனம். மெல்லியது போட்டால் பிரீலோடு கூடும், கனமானது போட்டால் குறையும். சுற்றுவதற்குக் கடினமாக இருக்கிறதென்று நட்டைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுப் போவதைப் போன்ற கெட்ட வழக்கம் வேறில்லை. பேரிங்கின் உள்வளையம் பிடிப்பிழந்து தண்டின் மேலேயே சுழன்று அதைத் தேய்த்துவிடும். சிறிய வண்டிகளில் வரும் நசுங்கும் ஸ்பேசரிலோ அளவு மீறிவிட்டால் புதிய ஸ்பேசர்தான் வழி.

பேரிங் சுழல எவ்வளவு எதிர்க்கிறது என்பதை வைத்தே பிரீலோடை அளக்கிறோம். பேரிங்குகளில் கியர் ஆயில் தடவி, பினியனை வைஸில் பிடித்து, பேரிங்குகளைத் தாங்கும் கூடான ஹவுசிங்கைக் கையால் பலமுறை சுற்றி ரோலர்களை அமரவைத்த பிறகு, ஹவுசிங்கின் மேல் நூலைச் சுற்றி ஸ்பிரிங் தராசால் இழுத்தேன். கிளம்பும்போது காட்டும் உச்ச எண்ணை விட்டுவிட்டு, சீராகச் சுழலும்போது காட்டுவதையே எடுத்துக்கொள்ள வேண்டும். நூல் சுற்றிய இடத்தில் விட்டம் 15 செ.மீ.; எனவே ஆரம் 7.5 செ.மீ. தராசில் 2 கிலோ என்றால் 15 கிலோ-செ.மீ., அதாவது ஏறத்தாழ 1.5 நியூட்டன் மீட்டர்.

முதல் தடவை 2 கிலோவே வந்தது, மேனுவலின் வரம்புக்குள்தான். ஆனால் அவசரத்தில், எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலையும் பொருத்திவிட்டு அளந்திருந்தேன். சீலைக் கழற்றி மறுபடி இழுத்தபோது தராசு 0.8 கிலோவில் நின்றது. மீதி முழுவதும் சீல் ரப்பரின் உராய்வு. அப்படியே ஏற்றியிருந்தால் சில நாட்களில் ஓட்டுநர் சத்தத்தோடு திரும்பியிருப்பார். 0.05 மி.மீ. மெல்லிய ஸ்பேசர் போட்டதும் 2.6 கிலோவுக்குத் தாவியது. முடி கனம்கூட இல்லாத வித்தியாசம்! முதலில் இருந்ததைவிட 0.03 மி.மீ. மட்டும் மெல்லிய ஸ்பேசரில் 1.9 கிலோ கிடைத்தது. பழைய பேரிங்குகளையே திரும்பப் போட்டிருந்தால் இதைவிடக் குறைந்த அளவுதான் வைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகே சீலைத் தட்டிப் பொருத்தி, நட்டை முழுதாக முறுக்கி, நட்டு கழலாமல் இருக்க ஸ்பிளிட் பின் மாட்டினேன். பினியன் ஆழத்துக்கான ஷிம்களை (மெல்லிய தகடுகளை) மறுநாள்தான் கையில் எடுத்தேன்.