ஃபுட் வால்வும் இரண்டு சதவீதமும்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் ஒன்பது வருடமாக குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கம்பெனி சமூகத்துக்கு ஏதாவது செய்தால் ஊழியர்களுக்குக் கம்பெனி மேல் பிடிப்பு வரும் என்று எச்.ஆர். கூட்டங்களில் சொல்வார்கள். வரும்தான். ஆனால் முதல் வருடம் எனக்கு வரவில்லை.

அந்த வருடம் மரக்கன்று நட்டோம். டி-சர்ட், பேனர், போட்டோ, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் சித்திரைக்குள் கன்றுகள் காய்ந்துவிட்டன. கேன்டீனில், "நம்ம ஷிப்ட் பஸ்ஸில் உட்கார இடமில்லை, ஊருக்குச் செய்கிறார்களாம்" என்று பேச்சு. நியாயமான கோபம். 2013 கம்பெனிகள் சட்டம், 135-வது பிரிவு: நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டும் செய்வது அந்தக் கணக்கில் வராது. பஸ்ஸுக்கு வேறு கணக்கிலிருந்துதான் பணம் வர வேண்டும், வரவும் வேண்டும். இதை ஒருவர் எங்களிடம் வந்து சொல்லியிருந்தால் பாதிக் கசப்பு இருந்திருக்காது.

அடுத்த வருடம் பக்கத்து ஊர் அரசுப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்தோம். திறந்து மூன்றே மாதத்தில் பூட்டு. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணன் ஒரு சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து தன் ஸ்பேனர் பையோடு வந்தார். கீழ்த்தொட்டியிலிருந்து குழாயை மேலே இழுத்து, ஏறிய தண்ணீர் திரும்ப இறங்காமல் அடிமுனையில் தடுக்கும் ஃபுட் வால்வைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். உள்ளே வாஷர் ஓரம் கிழிந்து, மணல் அடைத்திருந்தது. "தண்ணி நிக்காம கீழேயே இறங்கிடுது தம்பி, அப்புறம் மோட்டார் எதை இழுக்கும்?" புது வால்வு மாட்டி, குழாயில் தண்ணீர் நிரப்பி ஸ்விட்சைப் போட்டார். மேலே தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் கத்தின கத்தல்!

திங்கட்கிழமை லைனில் அவர் யாரைப் பார்த்தாலும் "நம்ம ஸ்கூல்" என்றே பேசினார். பதினெட்டு வருட சர்வீஸ்காரர்; அவர் "நம்ம" என்று சொல்லி நான் கேட்டது அன்றுதான். அவரிடம் கேட்டது காசையோ ஞாயிற்றுக்கிழமையையோ அல்ல, அவருக்குத் தெரிந்த வேலையை.

அன்று குழாய் பிடித்த இரண்டு பேரும் கான்ட்ராக்ட் பையன்கள். பாராட்டுப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. இந்த வருடப் பட்டியல் அடுத்த வாரம். இரண்டு பெயரையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.