பம்புசெட் கன்ட்ரோலருக்கு பீச்சர் மாடல் போட்ட கதை

மன்னார்குடி பக்கம் ஒரு சின்னப் பட்டறையில், பம்புசெட்டை மொபைலிலிருந்து ஓட்டி நிறுத்தும் கன்ட்ரோலர் பெட்டிக்கு பர்ம்வேர், அதாவது அதற்குள் ஓடும் புரோகிராம், எழுதுகிறேன். ஆர்டர் வந்தால் பழைய புரோகிராமை நகலெடுத்து, போல்டர் பெயரை மாற்றி, நாலு வரி திருத்தி அனுப்புவதுதான் இங்கே வழக்கம். ஒரு பிழையைச் சரிசெய்தால் அதை வேறு எந்தெந்த போல்டரில் சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தெரியாது. ஜூன் 12-இல் மேட்டூர் திறக்கும் முன்பே போர்செட் உள்ளவர்கள் குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிடுவார்கள், ஆர்டரெல்லாம் அப்போதுதான் குவியும், திருத்த நேரமும் இருக்காது.

அதனால்தான் பீச்சர் மாடலுக்குப் போனோம். பீச்சர் என்றால் ஒரு பெட்டியில் இருக்கக்கூடிய அல்லது இல்லாமல் போகக்கூடிய ஒரு வசதி. 1990-இல் காங் என்ற ஆய்வாளரின் குழுவினர் அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழக அறிக்கையில் கொடுத்த முறை: எது கட்டாயம், எது விருப்பம், எவற்றில் ஒன்றை மட்டும் எடுக்கலாம் என்று ஒரு மரமாக வரைந்து, குறுக்கே 'இது வேண்டுமென்றால் அது வேண்டும்', 'இதுவும் அதுவும் சேராது' என்ற விதிகளைப் போடுவது. ஒன்றையொன்று சாராத பத்து விருப்பங்கள் இருந்தாலே 1024 வகை வந்துவிடும், மனசுக்குள் வைத்துச் சமாளிக்கிற விஷயமில்லை. பீச்சர்ஐடிஇ என்ற இலவச மென்பொருளில் வரைந்தோம். மரம் வரைவது சுலபம். விதிகள்தான் பாடு.

ஏனென்றால் பாதி விதிகள் புரோகிராமில் இல்லை, மோட்டார் கொட்டகையில் இருக்கின்றன. மோட்டாரைக் குறைந்த மின்னோட்டத்தில் கிளப்பும் ஸ்டார் டெல்டா முறைக்கு மூன்று கான்டாக்டரும் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டைமரும் இருந்தால் போதும் என்று எழுதி வைத்திருந்தோம். வயர்மேன் அண்ணன் பார்த்துவிட்டு, "போர்லேருந்து எத்தனை வயர் மேல வருதுன்னு கேட்டீங்களா தம்பி?" என்றார். நீர்மூழ்கி மோட்டாரிலிருந்து மூன்று வயர்தான் வெளியே வருகிறது என்றால் ஸ்டார் டெல்டா நடக்காது, ஆறு வேண்டும். ஆக, நம் பெட்டிக்கு ஒரு மரம், வயலில் இருப்பதற்குத் தனியாக ஒரு மரம், இரண்டுக்கும் நடுவே விதிகள் என்று பிரித்தோம். என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அப்புறம் வந்தது இருமுனை. மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வரும் என்கிற இடங்களில், மீதி நேரம் கப்பாசிட்டர் போட்டு இரண்டு பேஸிலேயே மோட்டாரை ஓட்டுவார்கள். நாங்களோ ஒரு பேஸ் போனால் மோட்டாரை நிறுத்தும் பிரிவென்டரைக் கட்டாயம் என்று போட்டிருந்தோம், எரிந்த மோட்டாரைப் பார்த்த முதலாளி அதில் பிடிவாதமாக இருந்தார். பிரிவென்டரும் இருமுனையும் சேராது என்ற விதியைச் சேர்த்ததுமே, 'இருமுனை' எந்த வகையிலும் வரவே முடியாத செத்த பீச்சர் என்று மென்பொருள் காட்டிவிட்டது. வயலில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது: பெட்டி டிரிப் ஆகிக்கொண்டே இருக்கிறது என்று பிரிவென்டரைத் துண்டு வயர் போட்டு பைபாஸ் செய்துவிட்டார்கள். சரி, பிரிவென்டரைக் கழற்றிவிட முடியுமா? முடியாது. காலையில் மும்முனை, மத்தியானம் இருமுனை, பெட்டி ஒன்றுதான், புரோகிராமைத் தயாரிக்கும்போதே (கம்பைல்) முடிவெடுத்தால் ஒரு வேளைக்குத்தான் சரியாக இருக்கும். எனவே அந்தத் தேர்வை ஓடும்போதே நடக்கும்படி மாற்றினோம். இப்போது மூன்று பேஸையும் அளந்து, கப்பாசிட்டர் உண்டு என்று பொருத்தும்போதே பதிந்திருந்தால் மட்டும் இருமுனைப் பாதுகாப்புக்கு மாறும், இல்லையென்றால் நிறுத்திவிடும்.

டிரை ரன்னுக்கு, அதாவது தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடுவதைத் தடுப்பதற்கு, வேறு தலைவலி. தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும், அதை வைத்துத்தான் நிறுத்துகிறோம். எவ்வளவு குறைந்தால் என்பது எச்பிக்கும் மும்முனை, இருமுனைக்கும் ஏற்ப மாறும். விதிகள் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றனவா என்று ஆம், இல்லை என்று மட்டும் பார்க்கும் சாட் சால்வர் என்ற மென்பொருளுக்கு எண்கள் ஒத்துவராது, இசட்3 போல எண் தெரிந்த சால்வர் வேண்டும். நாங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, எச்பி வாரியாக ஒரு அட்டவணையை மாடலுக்கு வெளியே வைத்திருக்கிறோம், பொருத்தும்போது வயர்மேன் கிளாம்ப் மீட்டர் வைத்துச் சரிபார்க்கிறார். வேதாரண்யம் பக்கம் உப்புத் தண்ணீரில் பம்பு அரித்துப்போனால் அந்த எண்ணும் நாளடைவில் மாறுகிறது, அதை இன்னும் எந்த மரத்திலும் சேர்க்கவில்லை.