ஒரு சைபர் கூடிப்போன கதை

1993-ல் கோவில்பட்டிப் பகுதிக்கு ஒரு நாளிதழின் பகுதிநேர நிருபராகச் சேர்ந்தேன். பகுதிநேரம் என்பது சம்பளத்துக்கு மட்டும்தான். செய்தியை வெள்ளைத்தாளில் எழுதி, கவரில் போட்டு, மேலே 'பிரஸ் - அவசரம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, திருநெல்வேலி பஸ் கண்டக்டரிடம் கொடுக்க வேண்டும். அங்கே பஸ் நிலையத்தில் ஆபீஸ் ஆள் ஒருவர் நின்று வாங்கிக்கொள்வார். எட்டரை மணி பஸ்ஸை விட்டால் அந்தச் செய்தி மறுநாள் பேப்பரில் வராது. அதற்கு மறுநாள் அதை யாரும் சீண்டமாட்டார்கள்.

எனக்கு வாய்த்ததோ, பத்து மணிக்கு மைக்கைப் பிடிக்கும் ஒரு தலைவர்.

அந்த வருஷம்தான் வைகோ தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டார். அப்போது அவர் வை.கோபால்சாமி. 1978 முதல் மாநிலங்களவையில் இருந்தவர், கட்சிக்காரர்கள் வாயில் 'நாடாளுமன்றப் புலி'. விடுதலைப் புலிகள் அவருக்காகக் கருணாநிதியைக் கொல்லத் திட்டமிட்டிருப்பதாக மத்திய அரசிடமிருந்து வந்த ஒரு தகவலைக் காரணம் காட்டி நீக்கினார்கள். ஸ்டாலினுக்கு வழி விடத்தான் இந்த ஏற்பாடு என்று வைகோ பக்கத்தார் சொன்னார்கள். ஐந்து தொண்டர்கள் தீக்குளித்து இறந்தார்கள். ஒன்பது மாவட்டச் செயலாளர்கள் அவர் பின்னால் போனார்கள். உதயசூரியன் கிடைக்கவில்லை. 1994 மே மாதம் ம.தி.மு.க. பிறந்தது. அவர் ஊர் கலிங்கப்பட்டி எங்களுக்குப் பக்கம் என்பதால், கட்சி எதைச் செய்தாலும் அதில் ஒரு பங்கு கோவில்பட்டியில் நடக்கும், அதை எழுத நான் போகவேண்டும்.

அவருடைய கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பது தனி அனுபவம். கறுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது போலத் தாழ்ந்த குரலில் தொடங்குவார். மேடையில் இருக்கும் ஒன்றியச் செயலாளர், கிளைச் செயலாளர் வரை ஒருவர் பெயரையும் விடமாட்டார். கையில் துண்டுச்சீட்டு இருக்காது. முதல் அரை மணி நேரம் என் நோட்டில் ஒரு வரிகூட ஏறாது. அப்புறம் தேதி சொல்ல ஆரம்பிப்பார். எந்த ஆண்டு, எந்த மாதம், என்ன கிழமை, காலையா மாலையா. காவிரியிலிருந்து முல்லைப்பெரியாறு, அங்கிருந்து ஈழம், நடுவில் கிரேக்கத்துக்கும் ரோமாபுரிக்கும் ஒரு பயணம். ரோமாபுரிக்குப் போனால் திரும்பிவர முக்கால் மணி நேரம் ஆகும் என்பது எங்கள் கணக்கு; அந்த இடைவெளியில் டீ குடித்துவிட்டு வரலாம். ஆனால் கூட்டம் எழுந்திருக்காது. கடலைத்தோல் காலடியில் குவிந்து கிடக்கும். தூங்கிப்போன பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்பாக்கள் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

முடியும்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். எட்டரை மணி பஸ் என்றைக்கோ போயிருக்கும். எஸ்.டி.டி. பூத்காரரை எழுப்பி டெஸ்க்குக்குப் போன் போட்டால் மறுமுனையில் ஒரே கேள்விதான்: "கூட்டணி பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

சொல்லவில்லை என்றால் இரண்டு பத்தி. சொன்னார் என்றால் நாலு பத்தி, முதல் பக்கம். இரண்டு மணி நேரப் பேச்சை இரண்டு பத்தியில் அடைக்கிற அந்த வேலையை முதலில் நிருபராகவும், பிறகு திருநெல்வேலி டெஸ்க்கில் உதவி ஆசிரியராகவும் இருபது வருஷத்துக்கு மேல் செய்திருக்கிறேன். டெஸ்க்கில் உட்கார்ந்ததும் நானும் அதே கேள்வியைத்தான் கேட்டேன். அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

சரி, சைபர் கதைக்கு வருகிறேன். 1996 தேர்தலில் வைகோ இரண்டு இடத்தில் நின்றார்: சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி, விளாத்திகுளம் சட்டமன்றத் தொகுதி. ஜெயலலிதா மீதான கோபம் சுனாமி போல அடித்த தேர்தல் அது, அத்தனையும் தி.மு.க.–த.மா.கா. பக்கம் போனது. இவருடைய கட்சி எண்ணிக்கையில் எங்குமே தேறவில்லை, ஓர் இடம்கூட இல்லை. அவரும் இரண்டிலும் தோற்றார். விளாத்திகுளம் முடிவு ராத்திரி போனில் வந்தது. லைனில் ஒரே இரைச்சல். எதிர்முனையில் சொன்ன 'அறுநூத்தி முப்பத்திநாலு' என் காதில் 'ஆறாயிரத்தி முப்பத்திநாலு' என்று விழுந்தது. திருப்பிக் கேட்கவில்லை. கோபம் அடித்த வேகத்தில் ஆறாயிரம் என்பது குறைவாகவே தோன்றியது. அப்படியே எழுதி அனுப்பினேன், அப்படியே அச்சாகிவிட்டது.

மறுநாள் காலை நான் வழக்கமாகப் பேப்பர் பார்க்கும் பெட்டிக்கடைக்காரர் கூப்பிட்டார். கட்சி தொடங்கிய நாளிலிருந்து அவர் ம.தி.மு.க.காரர். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன். பேப்பரை மடித்து, அந்த வரியில் விரலை வைத்தார்.

"தம்பி, தோத்தது தோத்ததுதான். அதுல நான் ஒண்ணும் சொல்லல. ஆனா 634-க்கும் 6,034-க்கும் வித்தியாசம் இருக்குல்லா?"

"தப்பு நடந்துபோச்சு அண்ணாச்சி. திருத்தம் போடச் சொல்லுதேன்."

"போடச் சொல்லுங்க. ஒரு சைபர்தான். ஆனா அது எங்களுக்கு ரொம்ப."

நாலு நாள் கழித்து ஏழாம் பக்கத்தின் அடியில், தொலைந்த மாட்டு விளம்பரத்துக்கு மேலே, மூன்று வரித் திருத்தம் வந்தது. அவர் அதை வெட்டிக் கடைச் சுவரில், பீடிக்கட்டுகளுக்குப் பின்னால் ஒட்டிவைத்தார். யாராவது வைகோவை 'ஓட்டு வாங்காத ஆளு' என்று சொன்னால் அந்தத் துண்டைத்தான் காட்டுவார்.

அதன் பிறகு நடந்ததை எழுத டெஸ்க்கில் ஒரு சின்ன அட்டவணையே வைத்திருந்தோம், ஒவ்வொரு தேர்தலுக்கும் தேடவேண்டாம் என்று. 1998: அ.தி.மு.க., பா.ஜ.க.வுடன், மூன்று எம்.பி.க்கள். 1999: எந்தக் கட்சி நீக்கியதோ அந்த தி.மு.க.வுடன், நான்கு. அந்த இரண்டு முறையும் சிவகாசியில் அவரே ஜெயித்தார், மக்கள் ஓட்டில் அவர் ஜெயித்தது அந்த இரண்டு முறைதான். கட்சியில் மற்றவர்கள் மத்திய அமைச்சர் ஆனார்கள், அவர் ஆகவில்லை. 2001: தனியாக இருநூறுக்கு மேற்பட்ட இடங்களில் நின்று பூஜ்யம்.

2002-ல் பொடா எனும் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம். அந்தச் சட்டத்தை நாடாளுமன்றத்தில் ஆதரித்த கட்சிகளில் ம.தி.மு.க.வும் ஒன்று. மூன்று மாதம் கழித்து, ஜூன் 29-ல், திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று, அமெரிக்காவிலிருந்து திரும்பியவரை சென்னை விமான நிலையத்திலேயே ஜெயலலிதா அரசு கைது செய்தது. பத்தொன்பது மாதம் சிறை, வேலூரில். நாங்கள் இரண்டு பத்தியில் அடைக்கிற பேச்சை, போலீஸ்காரர்கள் ஒரு சொல் விடாமல் எழுதி எடுத்திருந்தார்கள். யோசித்துப் பார்த்தால், அவர் பேச்சை முழுசாகப் பதிவு செய்தது அவர்கள் மட்டும்தான். வெறும் தார்மீக ஆதரவாகப் பேசுவது மட்டுமே பொடாவில் குற்றம் ஆகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த விளக்கம் வந்ததற்கு அவர் போட்ட மனுவும் ஒரு காரணம். அன்று எங்கள் பக்கத்தில் அது ஒற்றைப் பத்திச் செய்தி. டெஸ்க்கில் அன்று நான்தான் இருந்தேன்.

2006-ல் அவர் செய்ததைத்தான் என்னால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை. பத்தொன்பது மாதம் உள்ளே வைத்த ஜெயலலிதாவுடன் கூட்டணி. 35 இடங்களில் நின்று ஆறு வந்தது. தலைப்பு வைக்க எங்களுக்கு அன்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. பெட்டிக்கடை அண்ணாச்சிகூட அன்று கடையைத் திறக்கவில்லை என்று உள்ளூர் நிருபர் சொன்னார். அரசியலில் எல்லோரும்தான் அணி மாறுகிறார்கள். ஆனால் தேதி, கிழமை, நேரம் எல்லாம் ஞாபகம் வைத்திருப்பதையே பலமாகக் கொண்ட ஒருவர் மாறும்போது, கேட்கிறவர்களுக்கும் எல்லாம் ஞாபகம் இருக்கிறது. இந்தப் பழக்கத்தை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தானே.

இதெல்லாம் அட்டவணையில் ஏறியது. ஏறாத ஒன்று உண்டு. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக, தொண்ணூறுகளிலிருந்தே, கறுப்பு கோட்டு மாட்டிக்கொண்டு நீதிமன்றத்தில் அவரே நின்று வாதாடினார். 2010 செப்டம்பர் 28-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, நூறு கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொன்னது. நடுவில் எத்தனை வாய்தா, எத்தனை நாள் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. வாய்தாவில் படம் எடுக்க ஒன்றும் இருக்காது, கூட்டணியும் இருக்காது. 2018-ல் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு நடந்து 13 பேர் செத்தபோது, பழைய செய்திகளைத் தேடச் சொன்னார் ஆசிரியர். இருபது வருஷ வழக்குக்கு எங்களிடம் இருந்தது கைக்கு அடக்கமான ஒரு கற்றை. அதைப் பார்த்தபோது கூசியது.

பேச்சு அவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு 2016 ஏப்ரலை மறக்க முடியாது. மக்கள் நலக் கூட்டணி என்று ஒன்றை அமைத்து, அதற்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தார். விஜயகாந்த் முதல்வர் வேட்பாளர். அந்த மாதத் தொடக்கத்தில் கருணாநிதியின் சாதியைக் குத்திக்காட்டி ஏதோ சொல்லிவிட்டு, அன்றே மன்னிப்பும் கேட்டார். வீடியோவை டெஸ்க்கில் எல்லோரும் பார்த்தோம். பெரியார், அண்ணா என்று ஐம்பது வருஷம் மேடை ஏறிய வாயிலிருந்து அது வந்ததை நம்பவே கொஞ்ச நேரம் பிடித்தது. மன்னிப்பை நான் பெட்டிச் செய்தியாகப் போட்டேன். அதிலும் கூட்டணி பற்றிய ஒரு வரி சேர்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதே மாதம் 25-ம் தேதி. கோவில்பட்டியில் அவரே வேட்பாளர். தொகுதி அறிமுகம், பழைய முடிவுகள், அவருடைய படம் என்று முக்கால் பக்கம் தயாராக இருந்தது. விளாத்திகுளம் 634-ஐயும் இந்தத் தடவை சரியாகப் போட்டிருந்தேன். மதியம் போன் வந்தது: அவர் நிற்கவில்லை, வேறு வேட்பாளர். சாதிக் கலவரத்தைத் தூண்ட தி.மு.க. முயல்கிறது, அதற்கு இடம் கொடுக்கமாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். பயந்துவிட்டார் என்று டெஸ்க்கில் பாதிப் பேர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கலவரம் ஒன்று நடந்தால் அந்தப் பக்கத்துக் கிராமங்கள் என்ன ஆகும் என்று பார்த்து வளர்ந்தவன் நான். ஆனால் மனுப் போட வேண்டிய நாள்வரை தொண்டனை ஓடவிட்டு அன்று சொல்வதா? அந்த முக்கால் பக்கத்தைக் கிழித்துப் போட்டோம். கூட்டணி 234-லும் பூஜ்யம். கோவில்பட்டியில் அ.தி.மு.க. ஜெயித்த வித்தியாசம் 428. அந்த எண் வாட்ஸ்அப்பில் எழுத்தாகவே வந்தது. இருந்தும் போன் போட்டு இரண்டு முறை கேட்டுக்கொண்டேன்.

2019 ஜூலையில் நடந்ததைக் கதையாக எழுதினால் ஆசிரியர் நம்பமாட்டார். 2009-ல் தி.மு.க. ஆட்சியில் போட்ட தேசத்துரோக வழக்கில் அவருக்கு ஓராண்டு சிறை என்று தீர்ப்பு வருகிறது. அதே வாரம் அவர் மாநிலங்களவைக்கு மனுப் போடுகிறார், தி.மு.க. ஆதரவில். மனு தள்ளுபடியாகிவிடுமோ என்று தி.மு.க. மாற்றாக இன்னொருவரையும் மனுப் போடவைத்தது. தேவைப்படவில்லை. 23 வருஷம் கழித்து அந்த அவைக்குத் திரும்பப் போனார். சிறையும் பதவியும் ஒரே பக்கத்தில் இரண்டு செய்தியாக வந்தன. பக்கம் போடுகிறவர் எதை மேலே வைப்பது என்று கேட்டார். பதவியை மேலே வைத்தோம்.

அடுத்த வருஷம் நான் ஓய்வு பெற்றேன். 2024 தேர்தலின்போது வீட்டில் சும்மாதான் இருந்தேன். வாரிசு அரசியல் என்று சொல்லி வெளியே வந்த கட்சியில், வைகோவின் மகன் துரை திருச்சியில் நின்றார். அதில் எனக்கு ஒரு கசப்புச் சிரிப்பு உண்டு. கட்சியின் பம்பரம் சின்னம் கிடைக்கவில்லை. தேர்தல் ஆணையம் கொடுத்தது தீப்பெட்டி. முடிவு வந்த அன்று சாயங்காலம் கோவில்பட்டியிலிருந்து போன். கடை இப்போது அவர் மகன் கையில், ஆனால் திருத்தத் துண்டு இன்னும் சுவரில் இருக்கிறதாம், எழுத்துத்தான் தெரியவில்லை.

"தீப்பெட்டி நம்ம ஊர்ச் சரக்கு தம்பி. ஓட்டுப் போட முடிஞ்சது திருச்சிக்காரனுக்கு."

"வித்தியாசம் எவ்வளவு அண்ணாச்சி?" என்று தெரிந்தே கேட்டேன்.

"மூணு லட்சத்து பதிமூவாயிரத்து தொண்ணூத்தி நாலு. குறிச்சிக்கோங்க. இந்தத் தடவை சைபர் ஒண்ணு கூடுனாலும் நான் வரமாட்டேன்."