கேட்டுப் போனவர்களின் கொப்பி

2019 நவம்பரில் எங்கள் கந்தோர் வாசலுக்கு வந்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "போவது சரி. திரும்பி வரவும் விமானம் இருக்கும்தானே?"

யாழ்ப்பாண நகரத்தில், ஆஸ்பத்திரி வீதிக்குப் பக்கத்தில் இருக்கிற சிறிய பயண முகவர் நிலையம் ஒன்றில் டிக்கெட் பதிவு செய்வது என் வேலை. அதற்கு முன்பு நான் விற்ற டிக்கெட்டுகள் அனைத்தும் கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து புறப்படுபவை. சென்னைக்குப் போகிற ஒருவர் முதலில் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். வெள்ளவத்தையில் உறவினர் வீட்டிலோ லொட்ஜிலோ தங்கிக் குளித்து, வான் பிடித்துக் கட்டுநாயக்கவுக்குப் போய், மூன்று மணி நேரம் முன்னதாகவே வரிசையில் நிற்க வேண்டும். எங்கள் வீட்டுக் கூரைக்கு நேர் வடக்கே கடலுக்கு அப்பால் இருக்கிற ஊருக்குப் போக, முதலில் தெற்கே ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் போவது எங்களுக்குப் பழகிப்போய்விட்டது.

யாழ்ப்பாண நகரத்துக்கு வடக்கே இருக்கிற பலாலி விமானத் தளம் அக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பர் 11, திங்கட்கிழமை, இந்தியாவின் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னைக்கான வழமையான சேவையைத் தொடங்கியது. வாரத்துக்கு மூன்று நாள். ஏ.டி.ஆர். 72 ரக விமானம், 70 இருக்கைகள். எல்லாவற்றையும் கூட்டினாலும் ஒரு பக்கத்துக்கு வாரத்தில் 210 இருக்கைகள்தான். நான்கைந்து பஸ்களில் ஏறக்கூடிய சனம். கொழும்புக்கு ஒரே இரவில் எத்தனை பஸ்கள் புறப்படுகின்றன என்று தெரிந்த எங்கள் முதலாளி, இந்த இருக்கைகள் ஒரு மூலைக்கும் போதாது என்றே நினைத்தார். வாசலில் புதுப் பலகை மாட்டினார். என் மேசைக்கு எதிரே கூடுதலாக நான்கு கதிரைகள் வாங்கிப் போட்டார்.

கதிரைகள் நிறைந்தன. டிக்கெட்டுகள்தான் அந்த அளவுக்கு விற்கவில்லை.

வந்தவர்கள் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, விலை கேட்டு, கொழும்பு வழியான செலவோடு ஒப்பிட்டு, தலையை ஆட்டிவிட்டு, "யோசித்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்து போனார்கள். முதலாளி விற்பனைக் கணக்கை மட்டும் பார்ப்பவர். மூன்றாவது வாரத்தில் அவர் முகம் வாடிவிட்டது. "சனத்துக்கு விருப்பம் இல்லைப் போலிருக்கிறது, தங்கச்சி" என்றார். அன்று மாலைதான் நான் ஒரு சி.ஆர். கொப்பி வாங்கி, டிக்கெட் வாங்காமல் போனவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினேன். பெயர் எழுதவில்லை. எதற்காகப் போக வேண்டும், எந்த நாளில், ஏன் வாங்கவில்லை என்ற மூன்றை மட்டும் குறித்தேன். என் வேலை வாழ்வில் நான் செய்தவற்றில் மிகவும் பயனுள்ள காரியம் அந்தக் கொப்பி என்று இன்றும் நம்புகிறேன்.

அதில் முதல் பக்கத்திலேயே தெரிந்த விஷயம், போக வேண்டிய தேவைக்குக் குறைவே இல்லை என்பது. கண், இருதயம், பிள்ளைப்பேற்றுச் சிகிச்சை என்று சென்னைக்குப் போக வேண்டியவர்கள். தை பிறந்தால் கலியாணம், கூறைச்சேலை எடுக்க வேண்டும் என்று தாயும் மகளுமாக வந்தவர்கள். சிதம்பரத்துக்கும் வேளாங்கண்ணிக்கும் நேர்த்தி வைத்தவர்கள். தமிழ்நாட்டு அகதி முகாமில் முப்பது வருடமாக இருக்கிற தமக்கையைப் பார்க்க வேண்டும் என்று வந்த ஒருவர். ஆனால் "ஏன் வாங்கவில்லை" என்ற நிரலில் விலை என்று எழுதிய இடங்கள் நான் நினைத்ததைவிடக் குறைவு. திரும்பத் திரும்ப எழுதியது "நிற்குமோ தெரியாது" என்பதையே.

வெளியூர் ஆட்களுக்கு இதை விளக்குவது கடினம். யாழ்ப்பாணத்துச் சனம் ஒரு பாதை திறந்த அன்றே அதை நம்புவதில்லை. எங்களைத் தெற்கோடு இணைக்கிற ஏ-9 வீதி போரால் 1990இல் மூடியது, 2002 ஏப்ரலில் திறந்தது, 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது. அந்த ஆகஸ்டில் அலுவலாகக் கொழும்புக்குப் போனவர்கள் எத்தனை மாதம் அங்கேயே நின்றார்கள் என்பது ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். 1998 செப்டம்பர் 29இல் பலாலியிலிருந்து கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதில் இருந்த 55 பேரும் இறந்ததை மறக்காத வீடுகளும் இங்கே உண்டு. இதற்கு மேல், முதல் விமானம் வந்து ஐந்தாம் நாள், நவம்பர் 16இல், ஜனாதிபதித் தேர்தல். திறந்தவர்கள் போய் வேறு ஆட்கள் வந்தால் சேவை தொடருமா என்று என்னிடம் கேட்டவர்களுக்கு என்னால் என்ன பதில் சொல்ல முடியும்? நேர அட்டவணையைத்தான் காட்டினேன்.

கந்தர்மடத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நான்கு முறை வந்து விசாரித்துவிட்டு, ஐந்தாம் முறை டிக்கெட் எடுத்தார். போவதற்குப் பலாலி. வருவதற்குச் சென்னையிலிருந்து கட்டுநாயக்க. "ஐயா, இரண்டும் பலாலியே எடுத்தால் உங்களுக்கு ஒரு இரவு மிச்சம்" என்றேன். "தெரியும் பிள்ளை. போகிற நாளில் விமானம் இல்லாவிட்டால் வீட்டில் இருப்பேன். வருகிற நாளில் இல்லாவிட்டால் எங்கே இருப்பேன்?" என்றார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் கொப்பியில் நான்காவது நிரல் ஒன்று போட்டேன்: ஒரு வழியா, இரு வழியா. முதல் இரண்டு மாதமும் அந்த நிரலில் "ஒரு வழி" என்ற சொல்லை எழுதி எழுதிக் கை அலுத்துவிட்டது. அரைவாசி இருக்கை காலியாகப் போகிறது, இந்தப் பாதைக்கு ஆள் இல்லை என்று கதைத்தவர்களிடம் இந்த நிரலைக் காட்ட வேண்டும் என்று எனக்கு எத்தனையோ முறை தோன்றியது. அந்தக் காலி இருக்கையின் ஆள் வேறு விமானத்தில் கூடுதல் காசு கொடுத்து வந்துகொண்டிருந்தார். தேவை இருந்த இடத்தில் நம்பிக்கை இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த தடை எடை. அப்போது பயன்பட்ட ஓடுபாதையின் நீளம் குறைவு. சிறிய விமானம், எடையைக் குறைத்தால்தான் பத்திரமாக எழும்ப முடியும். ஆகவே ஒருவருக்கு அனுமதித்த பொதி, கட்டுநாயக்கவிலிருந்து போனால் கிடைப்பதைவிடக் குறைவு. காரணம் நியாயமானது. ஆனால் எங்கள் சனம் வெறுங்கையோடு உறவினர் வீட்டுக்குப் போகிற சனம் இல்லையே. நான் தொங்கும் தராசு ஒன்றை வாங்கிக் கந்தோர்க் கதவு நிலையில் கொழுவினேன். வீட்டில் கட்டிய பையை முதலில் இங்கே நிறுத்துப் பாருங்கள் என்று சொல்லிவிடுவேன்.

சுன்னாகத்து ஆச்சி ஒருவர் சென்னையில் இருக்கும் மகளிடம் போக வந்திருந்தார். பையைக் கொழுவியதும் முள் இறங்கிப்போய் நின்றது. நிலத்தில் கடுதாசி விரித்துப் பையைத் திறந்தார். வறுத்து இடித்த மிளகாய்த்தூள், ஓலைக் குட்டானில் பனங்கட்டி, புழுக்கொடியல், பினாட்டு, எள்ளுப்பாகு, துணி சுற்றிய நல்லெண்ணெய்ப் போத்தல். அவற்றுக்கு அடியில் அவருடைய சேலைகள். நல்லெண்ணெயை ஒருமுறை எடுத்து வெளியே வைத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்ப உள்ளே வைத்தார். பிறகு சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் அடுக்கினார். இரண்டு மட்டும் மிஞ்சின. "மகளின் சேலையைக் கட்டிக்கொள்வேன். அங்கே மிளகாய்த்தூள் கிடைக்காது" என்றார். சென்னையில் மிளகாய்த்தூள் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. எந்தத் தூளைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும்.

சேவை தொடங்கிய பருவமும் உதவவில்லை. கார்த்திகை மழை இரண்டு கரையிலும் கொட்டுகிற காலம். அதை அடுத்து மார்கழி, கலியாணம் இல்லாத மாதம். சபரிமலைக்கு மாலை போட்ட சுவாமிமார் குழுவாக வந்தார்கள். இது நல்ல வாய்ப்பு என்று நானும் மகிழ்ந்தேன். எல்லோருக்கும் ஒரே விமானத்தில் இடம் வேண்டும், இருமுடியைக் கையில் வைத்திருக்க வேண்டும், விரதக் கணக்குப்படி குறித்த நாளில் புறப்பட வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் பறக்கும் விமானத்தில் அவர்கள் கேட்ட நாள் அமையவில்லை. கொழும்பு வழியாகவே போனார்கள். ஒரு குழுவை அந்த வகையில் இழந்தது எனக்கு நீண்ட நாள் உறுத்தியது. புதிய பாதையை ஒரு குழு பயன்படுத்தினால் அதில் ஒவ்வொருவரும் ஊருக்கு வந்து பத்துப் பேரிடம் சொல்வார்கள். எங்கள் ஊரில் விளம்பரம் என்பது அதுதான்.

இவர்களுக்கு நடுவில் ஒருவர் எந்த அலுவலும் இல்லாமல் டிக்கெட் எடுத்தார். பலாலி விமான நிலையத்துக்குப் பக்கத்து வசாவிளானைச் சேர்ந்தவர். 1990இல் இடம்பெயர்ந்து, அன்றிலிருந்து உரும்பிராயில் வாடகை வீடு. காணி இன்னும் இராணுவத்தின் பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது. பலாலி வீதியில் செம்மண் தோட்டங்களைத் தாண்டி எத்தனையோ நாள் அந்த வேலி வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறார். "ஜன்னல் ஓரம் வேண்டும். எந்தப் பக்கம் இருந்தால் எங்கள் கிணறு தெரியும்?" என்று கேட்டார். ஏ.டி.ஆர். விமானத்தில் இறக்கை ஜன்னல்களுக்கு மேலே இருக்கிறது, கீழே பார்க்கத் தடை இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொன்னேன். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதோ அதைப் பொறுத்தே விமானம் எழும்பும் திசை. அதனால் பக்கத்தைச் சொல்ல என்னால் முடியவில்லை. போகும்போது வலப் பக்கம், வரும்போது இடப் பக்கம் என்று எடுத்துக்கொண்டார். அந்தக் காணிகளின் உரிமையாளர்களுக்கு இன்னும் முறையாகத் தீர்வு கிடைக்கவில்லை என்பதை நினைக்காமல் பலாலி டிக்கெட் ஒன்றைக்கூட நான் இன்றுவரை எழுதியதில்லை.

தை பிறந்தது. கூறைச்சேலைக்காரர்கள் வந்தார்கள். முன்பு போய் வந்தவர்களின் அயலவர்கள் வந்தார்கள். விசாரிக்கும் தொனி மாறியிருந்தது: "இன்னார் போய் வந்தாராம், ஒன்றேகால் மணி நேரத்தில் இறக்கிவிட்டதாம்." நான்காவது நிரலில் "இரு வழி" என்ற சொல் அடிக்கடி வரத் தொடங்கியது. இது நிலைத்துவிட்டது என்று நானும் நம்பினேன்.

அந்த நம்பிக்கையில்தான் கோண்டாவில் மாமி ஒருவருக்கு நான் இரு வழி டிக்கெட் எழுதினேன். என் உறவில்லை, ஆனால் மாமி என்றுதான் அழைப்பேன். கண் சத்திரசிகிச்சைக்குச் சென்னை போக வேண்டும். அவர் கேட்டது, ஆசிரியர் ஐயாவைப் போல வருவதற்குக் கட்டுநாயக்க. "இனிப் பயமில்லை மாமி, இரண்டும் பலாலியே எடுங்கள். கண்ணில் மருந்து போட்டுக்கொண்டு இரவு பஸ்ஸில் வரப்போகிறீர்களா?" என்று நான்தான் வற்புறுத்தினேன். 2020 பெப்ரவரி கடைசியில் போனார். திரும்ப வேண்டிய நாள் மார்ச் மூன்றாம் வாரம். அதற்குள் கொரோனா வந்து பலாலிச் சேவை நின்றது, கட்டுநாயக்கவும் மூடியது. எந்த வழியில் டிக்கெட் எடுத்திருந்தாலும் அவர் நின்றுதான் போயிருப்பார். அது எனக்குத் தெரியும். ஆனாலும் "திரும்பி வரவும் விமானம் இருக்கும்தானே" என்று அவர் கேட்டபோது "இருக்கும்" என்று சொன்னது என் வாய். மாதக்கணக்கில் தங்கையின் வீட்டில் இருந்து, பிறகு சிறப்பு விமானத்தில் கட்டுநாயக்கவுக்கு வந்து, தனிமைப்படுத்தல் முடிந்து ஊருக்கு வந்தார். நான் பார்க்கப் போனேன். ஒரு சொல் குறை சொல்லவில்லை, தேநீர் தந்தார். அது இன்னும் கடினமாக இருந்தது.

இரண்டே முக்கால் வருடம் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம் இல்லை. அந்தக் கொப்பியை மேசை லாச்சியில் வைத்திருந்தேன். 2022 டிசம்பர் 12இல் மறுபடி தொடங்கியபோது, வாரத்துக்கு நான்கு நாள். மீண்டும் அதே கேள்வி, அதே தயக்கம், அதே ஒரு வழி டிக்கெட்டுகள். இந்த முறை முதலாளி வாடவில்லை. கொப்பியை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டியிருந்தேன். நானும் இந்த முறை யாரையும் வற்புறுத்தவில்லை. வருவதற்குக் கட்டுநாயக்க கேட்டவருக்குக் கட்டுநாயக்கவே எழுதினேன். அடுத்த முறை அவரே மாற்றிக் கேட்டார்.

2024 செப்டம்பர் 1இல் இண்டிகோ நாள்தோறும் சென்னைக்குப் பறக்கத் தொடங்கியது. 2025 மார்ச் 30இல் திருச்சிக்கும் சேவை வந்தது. இருக்கைகள் கூடியதைவிட ஒவ்வொரு நாளும் விமானம் உண்டு என்பதுதான் சனத்தின் மனதை மாற்றியது என்பது என் கணிப்பு. இன்று தவறினால் நாளை இருக்கிறது என்ற நிலையில், யாரும் திரும்பும் வழியைப் பற்றி விசாரிப்பதில்லை. பலாலி மேலே பறக்கும் சத்தத்துக்கு இப்போது யாரும் நிமிர்ந்து பார்ப்பதும் இல்லை.

சென்ற வருடம் ஒரு நாள் கோண்டாவில் மாமி கந்தோருக்கு வந்தார். திருச்சியில் தமையன் வீட்டில் ஒரு விசேஷம், அப்படியே ஸ்ரீரங்கமும் போக வேண்டும். போகிற திகதியைச் சொன்னார். எழுதினேன். வருவதற்கு எந்தத் திகதி, பலாலியா கட்டுநாயக்கவா என்று கேட்கும்போது என் கை கொஞ்சம் தயங்கியது.

மாமி கைப்பைக்குள் கண்ணாடிக் கூட்டைத் தேடிக்கொண்டிருந்தார். "பலாலிதான். நாள் ஏதாவது ஒன்றைப் போடு பிள்ளை," என்றார். "அங்கே நின்று பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம்."