ஏறும்போது வலிப்பதில்லை

ஜூன் 4
இரவு இரண்டு மணிக்குப் புளித்த நீர் தொண்டைவரை ஏறிவந்து, இருமலோடு என்னை எழுப்பிவிட்டது. எழுந்து உட்கார்ந்த பிறகே அடங்கியது.

ஜூன் 6
றொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிட்டுவிட்டு, கீழே விழுந்த பிள்ளைகளின் கொப்பிகளை எடுக்கக் குனிந்தபோது நெஞ்செலும்புக்குப் பின்னால் எரிந்தது; நிமிர்ந்ததும் தணிந்தது.

ஜூன் 7
அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அன்றும் எல்லோரும் வாயு என்றுதான் சொன்னார்கள்.

ஜூன் 9
ஹட்டனுக்குப் போய்வந்தேன். நெஞ்சுவலி என்று வருபவருக்கு முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும் என்று கூறி, ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் செய்தார்கள், இரண்டிலும் குறையில்லை. அதன் பிறகு டொக்டர், "மேடு ஏறும்போது வலிக்கிறதா, டீச்சர்?" என்று கேட்டார். பாதையிலிருந்து வீட்டுக்கு 64 படிகள்; மூச்சு வாங்குமே தவிர, அந்த எரிவு ஒருநாளும் வந்ததில்லை என்பது அவர் கேட்கும்வரை எனக்கே தோன்றவில்லை. குனிந்தால், படுத்தால், வயிறு நிறையச் சாப்பிட்டால் மட்டுமே வருகிறது. ஹயேட்டஸ் ஹேர்னியாவாக இருக்கலாம், என்டொஸ்கொபி செய்து, அதாவது வாய்வழியாகக் கமராக் குழாயை விட்டு, பார்ப்போம் என்றார்.

ஜூன் 10
ஹேர்னியாவைத் தமிழில் குடலிறக்கம் என்கிறோம். இங்கே குடலும் இல்லை, இறக்கமும் இல்லை: மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, அதன் வழியாக இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறிவிடுகிறதாம். ஏற்றத்தையும் இறக்கத்தையும் மாற்றிச் சொன்னால் எங்கள் ஊரில் வழி தவறிவிடும்.

ஜூன் 13
தலையணைகளை அடுக்கினால் வயிறு மடிந்து அமிலம் இன்னும் மேலே வரும் என்பதால், கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு இரண்டிரண்டு செங்கற்கள் வைத்தேன். விடியும்போது கம்பளியும் நானும் கால்மாட்டில் கிடந்தோம். அமிலத்தைக் குறைக்க ஒமிப்ரசோல் 20 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு. சாயத் தேத்தண்ணீரை விட்டதுதான் பெரிய துக்கம்.

ஜூன் 15
மலம் கறுத்திருந்தது. இரும்புச்சத்து மாத்திரை விழுங்குபவருக்கு அப்படித்தான் இருக்கும் என்று தெரிந்தும், தார்போலப் பிசுபிசுத்து நாறினால் அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம் என்று தாதி சொன்னது நினைவிலிருந்து போகவில்லை. ஒன்றுக்கு இரண்டு முறை டோர்ச் அடித்துப் பார்த்தேன். பிசுபிசுப்பு இல்லை. ஆனால் இதைவிடப் பெரிய கேள்வி வேறு: மேலேறிய இரைப்பையில் உராய்வுப் புண் உண்டாகி, கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்தும் சோகை வருமாம். அப்படியானால் இரண்டு வருடமாக நான் மாத்திரை விழுங்கும் இந்தச் சோகை எங்கிருந்து வந்தது?

ஜூன் 16
அண்ணன் மகள் பேசினாள். "வாயுதானே, அத்தை?" என்றாள். தொலைபேசியை வைத்துவிட்டேன்.

ஜூன் 18
நாளைக்கு என்டொஸ்கொபி. இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் உண்ணக் கூடாது. மழையில் 64 படிகளையும் வேண்டுமென்றே வேகமாக ஏறினேன், வலிக்கவில்லை.

ஜூன் 19
எனக்கு முன்னால் இன்னும் நால்வர் இருக்கிறார்கள்.